மாங்கொட்டைப் பையைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டி போனேன்

2008 ஜூன், மாம்பழ சீசன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பன், "மாங்கொட்டையில பை செய்றாங்கடா, மண்ணுல போட்டா மக்கிடும்" என்றான். கதை விடுகிறான் என்றுதான் நினைத்தேன். எதற்கும் பார்த்துவிடலாமே என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை ஏழேகாலுக்கு மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய், தூரம் சுமார் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மீஞ்சூர் வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். "மாங்கொட்டை அக்கா ஷெட்டா? குந்து சார்" என்றார் டிரைவர். விலாசமே தேவைப்படவில்லை.

அந்த அக்காவின் பெயர் எஸ்தர். பாலிதீன் கவர் கம்பெனியில் மிஷின் ஓட்டியவர். இப்போது ஒரு தகர ஷெட்டில் நாற்று வளர்க்கும் பைகள் செய்கிறார். ஜூஸ் கடைகள் கொட்டும் மாங்கொட்டையை உடைத்து, பருப்பை அரைத்து, துவர்ப்பு போக அலசி, அடியில் தங்கும் மாவை எடுக்கிறார். வினிகரும் கிளிசரினும் சேர்த்துக் களி மாதிரி கிண்டி, தட்டில் மெல்லிசாகத் தேய்த்துக் காயவைக்கிறார். உரித்து, மெழுகு தடவி ஒட்டினால் பை. கையில் வாங்கிப் பார்த்து அசந்துபோனேன்.

நான் போன நேரம் அவருக்குப் பரீட்சை நேரம். ஊத்துக்கோட்டை நர்சரிக்காரர் வெங்கடேசலு வரவேண்டும். அவர் வேண்டாம் என்றால் ஷெட்டை மூடிவிட்டுத் திங்கட்கிழமை பழைய கம்பெனிக்கே வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான். அவருக்கு முதலில் கொடுத்த பைகள் தூக்கும்போதே கிழிந்துவிட்டனவாம்.

"நாந்தான் சார் கெடுத்துக்கினேன். பாலிதீன்ல வெட்டுன துண்டையெல்லாம் திரும்ப மிஷின்லயே போட்டுருவோம். ஒரு துண்டு கீழ கெடந்தாலும் சூப்பர்வைசர் கத்துவாரு. அதே பழக்கத்துல இந்தப் பையில வெட்டுன துண்டையும் களியில போட்டுட்டேன். இது உருகாது சார். கட்டியா நின்னுகினு, அந்த எடத்துலயே கிழிஞ்சிருச்சு."

கிழிந்த பைகளையும் துண்டுகளையும் ஷெட்டுக்குப் பின்னால் குழியில் கொட்டி மூடி இரண்டு மாதமாகிறது. வீணாய்ப் போச்சே என்று அதைச் சொல்லும்போதும் முகம் சுருங்கியது. பழக்கதோஷம் லேசில் போகுமா?

வெங்கடேசலு வந்தார். ஈர மண்ணைப் பையில் அடைத்து, விளிம்பைப் பிடித்து உலுக்கினார். பை தாங்கியது. அப்போதும் அவர் விடவில்லை.

"மண்ணுல மக்கும்னு இன்னாம்மா கியாரண்டி? வேர் உள்ளயே சுத்திகினா செடி போச்சு. டப்பு குடுத்தவன் என் சட்டையத்தான் புடிப்பான்."

எஸ்தர் மண்வெட்டியோடு பின்பக்கம் போய் அந்தக் குழியைத் தோண்டினார். வெங்கடேசலு குனிந்து கையாலேயே துழாவினார். கறுப்பு மண்ணும் மண்புழுவும்தான் இருந்தன. கடைசியில் ஒன்று அகப்பட்டது. எழுத்துகூட அழியாத ஒரு பால் கவர்.

"அது நம்மளுது இல்லண்ணே" என்றார் எஸ்தர்.

வெங்கடேசலு சிரித்துவிட்டார். இந்த சீசன் நாற்றுக்கெல்லாம் இதே பை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குச் சொந்த வீட்டுக் கல்யாணம் நிச்சயமானது போல இருந்தது.

போக நினைப்பவர்கள் மே, ஜூனில் போங்கள். வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள், தகர ஷெட் அடுப்பாகக் கொதிக்கும். மளிகை சுமக்க இந்தப் பையைக் கேட்காதீர்கள், அதற்கு இன்னும் பலம் போதாது.

கிளம்பும்போது, "அப்போ திங்கட்கிழமை கம்பெனிப் பக்கம் போக வேண்டாம்?" என்றேன்.

"போவணும் சார். வாசல்ல ஒரு ஜூஸ் கடை கீது. கொட்டை வாங்கியாரணும்."