கண்மாய்க்கு வந்த கடல் மோட்டார்

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் பம்புசெட் உதிரிபாகம் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். விற்பதோடு பழுதும் பார்ப்போம். சித்திரை மாதத்தில் ஒருநாள் கடை திறந்த கையோடு, செட்டியார்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் ஜீப் அனுப்பினார். படகு மோட்டார் ஓடவில்லையாம், உடனே வர வேண்டுமாம். கடை மெக்கானிக் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தார். நான் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

கரையில் இறங்கியதும் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. படகின் பின்பலகையில் மாட்டியிருந்த மோட்டாரின் மேல்மூடி, கடப்பாரை அடி வாங்கி உள்ளே நசுங்கியிருந்தது. வலைக்காரர்கள் இரண்டு பேரில் ஒருவர் கையில் துண்டைச் சுற்றியிருந்தார், அதில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் கயிறு எதிர்த்து இழுத்து உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. மூன்றாவதாக, வேப்பமரத்தில் ஒரு மனிதர் கட்டப்பட்டிருந்தார்.

அவர்தான் படகோட்டி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து, அந்தப் பழைய மோட்டாரோடு சேர்த்து அழைத்து வரப்பட்டவர். கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. கீழுதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. ஒரு கண் மூடிக்கிடந்தது.

"வா பாப்பா," என்றார் குத்தகைக்காரர். கையில் துடுப்பு இருந்தது. "பெட்ரோல வித்துத் தின்னுட்டு டேங்குல மண்ணெண்ணெயக் கலந்திருக்கான், களவாணிப் பய. விடிஞ்சதுல இருந்து கயிறு இழுக்கோம், உசுரே வரல. நீ படிச்ச பிள்ள. பாத்துட்டு ஆமான்னு ஒத்த வார்த்தை சொல்லு. பொறவு இவன் சோத்துக் கைய நான் எடுத்துருதேன்."

சும்மா சொல்லவில்லை. மீன் வெட்டும் அரிவாள், கல்லில் தீட்டிய ஈரத்தோடு, அவர் காலடியில் கிடந்தது.

"முதல்ல அவர அவுத்து விடுங்க அண்ணாச்சி."

"நீ உன் சோலியப் பாரு."

பயம் வந்தால் என் மனம் பட்டியல் போடத் தொடங்கிவிடும். எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: தீப்பொறி, அமுக்கம், எரிபொருள். அந்த வரிசையிலேயே போனேன். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்து, வலைக்காரரைக் கயிறு இழுக்கச் சொன்னேன். நீலமாகப் பளிச்சென்று வெட்டியது. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி மறுபடி இழுக்கச் சொன்னேன். விரலை எட்டித் தள்ளியது. அமுக்கம் நன்றாகவே இருந்தது. மிச்சம் எரிபொருள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் தேங்கியிருந்ததில் சில சொட்டு உள்ளங்கையில் ஊற்றி முகர்ந்தேன்.

பரிசோதனை முடிவை வாய்விட்டுச் சொல்வது எனக்கு லேபில் படிந்த பழக்கம். "மண்ணெண்ணெய்," என்றேன்.

நான் நிமிர்வதற்குள் துடுப்பு இறங்கிவிட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். படகோட்டியின் இடது தோள்பட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர் கத்தவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போய் வெளியே வராமல் நின்றது. இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது அதே தோளில்.

"கேட்டியளாலே? படிச்ச பிள்ளையே சொல்லிருச்சு!" குத்தகைக்காரர் துடுப்பை எறிந்துவிட்டு அரிவாளை எடுத்தார். "அவன் கையப் பிடிங்கலே. மரத்தோட வச்சுப் பிடிங்க."

வலைக்காரர்கள் தயங்கினார்கள். துண்டு சுற்றியவர் மட்டும் ஓர் எட்டு முன்னால் வைத்தார்.

"இன்னும் முடியல அண்ணாச்சி," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, கடையில் ரசீது வாசிப்பது போல வந்தது. "ரெண்டு டேங்க் இருக்கு. பெருசுல மண்ணெண்ணெய்தான் இருக்கணும், சின்னதுல பெட்ரோல். சின்னத இன்னும் பாக்கல."

"அதுலதான் கலந்திருக்கான்."

"அப்ப பாத்துருவோம். கைய நீட்டுங்க."

அரிவாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். சின்ன டேங்கின் குழாயைப் பிடுங்கி அந்தக் கையில் கொஞ்சம் விட்டேன். சில்லென்று பட்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து போனது. பக்கத்தில், கிண்ணத்தில் மிஞ்சியிருந்ததை ஊற்றினேன். அது எண்ணெயாகப் பளபளத்து, கை ரேகைகளில் ஓடி அங்கேயே நின்றது.

"காஞ்சது பெட்ரோல். ஒரு சொட்டு கலப்படம் இல்ல. காயாதது கார்புரேட்டருக்குள்ள மட்டும்தான் இருக்கு."

"உள்ள எப்படி வந்துச்சு?"

"கடைசியா மோட்டார அணைச்சது யாரு?"

துண்டு சுற்றியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து சாயந்தரம் முதலாளிதான் ஓட்டிப் பாத்தாவ."

எங்கள் ஊரில் எஞ்சின் என்றாலே கிணற்று மேட்டில் டீசலில் ஓடும் ஆயில் எஞ்சின்தான். வேலை முடிந்தால் நிறுத்திவிட்டு வரப்பில் நடக்க வேண்டியதுதான். குத்தகைக்காரர் இருபது வருடமாக அப்படித்தான் நிறுத்திப் பழகியிருந்தார். இந்த மோட்டார் வேறு ஜாதி. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், அணைப்பதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், ஆறிப்போன எஞ்சின் அதில் பற்றாது. இதை அவருக்குச் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

அவர் முகம் சிவந்தது. திரும்பி, மரத்தில் தொங்கியவரின் வயிற்றில் எட்டி உதைத்தார்.

"இத ஏம்லே சொல்லல?"

படகோட்டி ரத்தத்தைத் துப்பினார். "நேத்தே சொன்னேனே முதலாளி. அதுக்குத்தான மொத அடி அடிச்சிய."

இரண்டாவது வலைக்காரருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. இருமலாக மாற்றப் பார்த்தார். கன்னத்தில் விழுந்த அறையில் இருமலும் நின்றது.

"அவுத்து விடு," என்றார் குத்தகைக்காரர். அரிவாள் கையிலேயே இருந்தது. "வலையில மீனு சாவுது. போய் அள்ளிட்டு வரட்டும். இவன் எனக்குப் பதில் சொன்னதுக்குச் சாயந்தரம் பேசிக்கிடுதேன்."

கிண்ணத்தைத் துடைத்து மாட்டினேன். பிளக்கைக் காயவைத்துப் பொருத்தினேன். படகோட்டி இடது கையை வயிற்றோடு அணைத்தபடி தண்ணீரில் இறங்கி வந்தார். பெட்ரோல் குழாயைச் சொருகும்போது என் காதருகில், கோபமே இல்லாமல் சொன்னார்: "கையில ஊத்திக் காட்டுனத, வாயால சொல்லுறதுக்கு முந்திச் செஞ்சிருக்கலாம் தங்கச்சி."

அந்தத் தோள்பட்டை என் ஒற்றைச் சொல்லால் ஒடிந்தது.

நான் கரைக்கு ஒதுங்க, அவர் படகில் ஏறி ஒற்றைக் கையால் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு. மோட்டார் கனைத்துப் பற்றியது. வெள்ளைப் புகை கரையெல்லாம் அடித்தது. "ஏலே, நீயும் ஏறு," என்று குத்தகைக்காரர் ஒரு வலைக்காரரைத் தள்ளுவதற்குள் படகு விலகிவிட்டது. நேராக வலைப் பக்கம் போகாமல் நடுக் கண்மாய்க்குப் போனது. அங்கே படகோட்டி குனிந்தார். பின்பலகையில் மோட்டாரை இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை அவர் ஒவ்வொன்றாகத் தளர்த்துவது எனக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை. பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுதாக முறுக்கிவிட்டார்.

மோட்டார் பலகையை விட்டுத் துள்ளி எழும்பியது. புரொப்பெல்லர் காற்றைக் கிழித்து அலறியது. படகின் விளிம்பைக் கடித்துச் சிதறடித்துவிட்டுத் தலைகீழாகத் தண்ணீருக்குள் பாய்ந்தது. உள்ளே போகும்போது ஒரே ஒரு 'டங்'. அவர் படகில் மிச்சமிருந்த இன்னொரு துடுப்பை எடுத்து, எதிர்க்கரையை நோக்கி ஒரு கையால் தள்ளத் தொடங்கினார். எதிர்க்கரைக்கு அப்பால் பஸ் ரோடு.

"ஓடுங்கலே! கரையச் சுத்தி ஓடுங்க! காலையும் சேத்து ஒடிச்சுத் தூக்கிட்டு வாங்க!"

படகு மெதுவாகத்தான் போனது. ஓடினால் பிடித்துவிடலாம். அவர்கள் நான்கு எட்டு வைப்பதற்குள் நான் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, அவரப் பொறவு பிடிக்கலாம். மோட்டார இப்பவே எடுத்தா பிழைக்கும். உடனே பிளக்கக் கழட்டித் தண்ணிய வடிச்சு ஆயில் ஊத்திரணும். நேரம் போச்சுன்னா பேரிங் எல்லாம் துரு பிடிச்சு இறுகிரும். பொறவு இரும்புக் கடைக்குத்தான்."

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'டங்' என்ற சத்தம் எதுவென்று எனக்குத் தெரியும். ஓடுகிற எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிட்டது. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அந்த மோட்டார் இனி எவர் கையிலும் ஓடாது.

குத்தகைக்காரர் எதிர்க்கரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினார்.

"எல்லாரும் இறங்குங்கலே! எந்த இடத்துல விழுந்துச்சு, பாப்பா?"

"மடைக்கு நேரா," என்றேன்.

மடைக்கு நேராக அது விழவில்லை. கழுத்தளவுச் சகதித் தண்ணீரில் அவர்கள் மூழ்கி மூழ்கி எழுந்தார்கள். நான் கரையில் நின்று, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம், என்று கை காட்டிக்கொண்டே இருந்தேன்.