முடக்கத்தான் இலையும் மூன்றாவது தட்டும்

போன சனிக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போனதற்குக் காரணம் என் மனைவி மலர்விழியின் விரல்கள். மூன்று வருடமாக மூட்டுவாதம். காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் வீங்கிக் கிடக்கும். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறதாம்; அதைத் தலைமுழுகிவிட்டு அன்றிலிருந்து முடக்கத்தான் கசாயம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். மாத்திரைப் பெட்டியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். நான் சொன்னால் கேட்கிற ஆளா! “எந்தம்பி அந்த எலயத்தான ஆராய்ச்சி பண்றான், அவன் சொல்லட்டும்” என்றாள்.

காலை எட்டு மணிப் பேருந்து. நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இடப்பக்க சன்னலில் உட்காராதீர்கள், வெயில் வறுத்துவிடும்.

மச்சான் செந்தில் தன் ஆய்வகத்தில் எங்களுக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தான். நுண்ணோக்கியில் முதல் தட்டு: எலியின் நோய் எதிர்ப்பு செல்கள், கிருமி நஞ்சு ஊட்டியவை. அம்மாடி! ஒவ்வொன்றும் வேட்டியை மடித்துக் கட்டிய சண்டைக்காரன் மாதிரி கை காலைப் பரப்பிக்கொண்டு நின்றது.

“இந்த மாரிதாங்க்கா ஒன் வெரல்லயும். எதிரியே இல்லாம சண்டைக்கி நிக்கிது” என்றான்.

இரண்டாவது தட்டில் அதே நஞ்சு, கூடக் கொஞ்சம் முடக்கத்தான் சாறு. செல்கள் கையை மடக்கிக்கொண்டு சாதுவாக இருந்தன. எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. வேலியில் படர்கிற கொடி, தோசை மாவில் அரைத்துப் போடுகிற இலை, இத்தனை சின்ன உயிரின் கோபத்தைத் தணிக்கிறதே! ‘பார்த்தீர்களா’ என்பதுபோல் மலர் என் விலாவில் இடித்தாள்.

மூன்றாவதில் சாறு ஜாஸ்தி. ஒரு கைகூட நீளவில்லை. “சூப்பர்டா! சுத்தமா அடங்கிடுச்சு” என்றாள்.

செந்தில் சிரிக்கவில்லை. இதே மூன்று கலவையிலும் செல்களை வளர்த்து, சாயம் ஊற்றி வைத்திருந்த வேறு தட்டுகளை எடுத்து வந்தான். உயிருள்ள செல் அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குமாம். முதல் இரண்டும் கத்தரிப்பூ நிறம். மூன்றாவது மஞ்சளாகவே கிடந்தது.

“அடங்கலக்கா, செத்துடுச்சு. மொத தடவ நானே ஏமாந்து குதிச்சேன்.”

“அப்ப எவ்ளோ போட்டா மருந்து?”

“தட்டுலன்னா சொல்லிடுவேன். ஒன் ஒடம்புக்கு எவ்ளோன்னு எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர கேக்காம மாத்திரைய நிறுத்தாத.”

எனக்குப் பிரமிப்பு தீரவில்லை. காப்பாற்றுவதும் கொல்வதும் ஒரே இலை!

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கசாயம் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், முன்னதாகவே நடராஜரைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்கவில்லை. நடை திறந்துதான் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்த மலர் அப்படியே நிமிர்ந்தாள்.

“சாமிய அப்பறம் பாத்துக்கலாங்க. மொதல்ல பஸ்ஸ புடிங்க, மாத்திர வீட்ல கெடக்கு.”