ஊசிக்கு வைத்த மிளகு

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, எரிந்த செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவது என் வேலை. மலைமேல் வாழவந்தி நாட்டில் ரோட்டோரமாக எட்டுக்குப் பத்தில் ஒரு வாடகைக் கடை. மாசி பிறந்து கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டார்கள் வரிசையாகக் கருகும். அப்போது சோறு தின்ன நேரம் இருக்காது. மழை இறங்கிவிட்டால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். ஊரே மழை கேட்டுச் சாமி கும்பிடும்போது நான் மட்டும் என்ன கேட்பது என்று தெரியாமல் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பேன்.

வரும்படிக்குத்தான் நேரம் காலம் கிடையாது. கட்ட வேண்டியதற்கெல்லாம் தேதி உண்டு. கடை வாடகை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், வண்டி டியூ, என் மனைவி பெயரில் எடுத்த குழுக்கடனின் வாரத் தவணை, சேலத்துக் கம்பிக் கடையின் பழைய பாக்கி. எல்லாச் சீட்டையும் கடைச் சுவரில் தொங்கும் ஒரு வளைந்த கம்பியில் குத்தி வைத்திருப்பேன். காசு வந்தால் எந்தச் சீட்டை முதலில் எடுப்பது என்பதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். வாசலில் வந்து சத்தம் போடுகிறவனுக்கு முதலில். போன் போடுகிறவனுக்கு அடுத்து. சும்மா இருக்கிறவனுக்குக் கடைசியில். இருபது வருடம் இப்படித்தான் ஓட்டினேன். இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் அந்தக் கம்பியில் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஏறியது. என் மனைவிக்கு நாள்பட்ட சர்க்கரை. வலது கண்ணில் நூலாம்படை தொங்குகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சேலத்தில் கண் டாக்டரிடம் காட்டினோம். மாதத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி, கண்ணுக்குள் போட வேண்டும் என்றார். ஓர் ஊசி பதினெட்டாயிரம்.

"நடுவுல விட்டுடாதீங்க. விட்டா நான் பொறுப்பில்லை" என்றார்.

கடையில் இரண்டு வருடமாக மூட்டை கட்டி வைத்திருந்த எரிந்த செம்பை எடைக்குப் போட்டு முதல் ஊசியைப் போட்டுவிட்டோம்.

இரண்டாவது ஊசி மார்கழியில். மார்கழியில் எவன் மோட்டார் கருகும்? கையில் இருந்தது பன்னிரண்டாயிரம். சேலத்துக் கம்பிக் கடைக்காரர் போன் போட்டார். "ஏனுங்க, பழைய பாக்கி வராம ஒரு சுத்துக் கம்பிகூட மலை ஏறாதுங்க." மாசிக்குக் கம்பி இல்லையென்றால் அந்த வருடமே போச்சு. அவருக்கு ஏழாயிரம் போனது. மறுநாள் காலையில் குழுவிலிருந்து ஐந்து பெண்கள் வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"அண்ணா, நீங்க கட்டலைன்னா நாங்க அஞ்சு பேரும் பங்கு போட்டுக் கட்டோணும். நாங்க எங்கீங்க போவோம்?"

அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அங்கே ஒரு மூவாயிரம். மீதி கரண்ட் பில்லுக்கு, அதுவும் பியூசைப் பிடுங்க வந்தவனைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் ஒரே ஒருமுறை போன் செய்தது. "அடுத்த வாரம் வாரோங்க" என்றேன். பிறகு அது கூப்பிடவில்லை. என் மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் இருக்கிறவள், எந்த வாசலில் வந்து சத்தம் போடுவாள்?

தர்ம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே, காப்பீட்டு அட்டை எடுத்திருக்கலாமே என்று பின்னால் ஆளாளுக்குக் கேட்டார்கள். எடுத்திருக்கலாம். அதற்கு இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டுக் கீழே அலைய வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்த இரண்டு நாளும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒன்றும் கிழிக்கவில்லை.

தை மாதத்தை நம்பித்தான் இருந்தேன். எங்கள் பக்கம் மோட்டார் வேலைக்குப் பாதிப் பேர் கையில் காசு தர மாட்டார்கள். தோட்டத்துக்குள் கூட்டிப்போய் ஒரு சில்வர் ஓக் மரத்தைத் தட்டி, "இந்த மரத்துக் கொடி உனக்கு" என்பார்கள். அந்த மரத்தில் ஏறியிருக்கிற மிளகுக் கொடியில் அந்த வருடம் காய்ப்பதெல்லாம் என் கூலி. நானே ஏணி போட்டுப் பறித்துக்கொள்ள வேண்டும். காய்த்தால் என் யோகம், காய்க்காவிட்டால் என் தலையெழுத்து. போன வருடம் திருப்புலி நாட்டில் நான்கு, எங்கள் பக்கம் ஐந்து, மொத்தம் ஒன்பது மரம் எனக்கு. எல்லாமே நன்றாகக் காய்த்திருந்தன. தை முதல் வாரத்தில் பறித்து முடித்தேன்.

பச்சையாகவே கொடுத்துவிட்டால் பதினாலாயிரம் தருகிறேன் என்றார் மிளகு வியாபாரி. ஊசிக்கு நாலாயிரம் குறைந்தது. நாலாயிரம் யாரிடமாவது கைமாற்றாக வாங்கியிருக்கலாம். நான் வாங்கவில்லை. காய வைத்துக் கொடுத்தால் இருபத்து மூவாயிரத்துக்குப் போகும். பச்சையாக விற்பவன் பைத்தியக்காரன் என்று இந்த மலையில் குழந்தைகூடச் சொல்லும்.

"காஞ்சதுக்கப்புறமே போலாங்க. பத்து நாள்ல என்ன ஆயிரப் போவுது?" என்றாள் என் மனைவியும்.

பத்து நாளில் ஐந்து நாள் மூட்டம். வீட்டுக்குப் பின்னால் பாறையில் பரப்புவதும், மேகம் இறங்கினால் ஓடிப்போய் அள்ளுவதுமாக அவள்தான் கிடந்தாள். தைப்பூசத்தன்று சோறு போடும்போது சொன்னாள். "இப்ப நூலாம்படை தெரியறதில்லீங்க."

"பார்த்தியா, ஒரு ஊசியிலயே கேட்டிருச்சு" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதினெட்டாயிரம் மிச்சமாகுமோ என்றுகூட ஒரு நிமிடம் மனசு கணக்குப் போட்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து மிளகு முறத்தில் இருந்தது. காம்பும் சொத்தையும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வந்து ஒரு கை அள்ளிப் பார்த்தேன். பாதிக்குப் பாதி காம்பு. வியாபாரி எடையில் கழித்துவிடுவார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏ புள்ள, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"

அவள் முறத்தைக் கொஞ்சம் இடது பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டு முதலிலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

முப்பத்தெட்டுக் கிலோ தேறியது. "ஏப்பா, மாசி பொறந்தா விலை ஏறும், ரெண்டு வாரம் பொறு" என்றார் வியாபாரி. பொறுத்தேன். கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் ஏறியது. ஆக, அந்த இரண்டு வாரத்தில் நான் சம்பாதித்தது ஐந்நூற்று எழுபது ரூபாய். மாசி ஐந்தாம் தேதி பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் சேலத்துக்குப் போனோம்.

டாக்டர் வலது கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விளக்கை மாற்றி இன்னொரு தடவை பார்த்தார்.

"எப்ப இருந்தும்மா சுத்தமாத் தெரியலை?"

அவள் என் பக்கம் ஒருதடவை திரும்பிவிட்டுச் சொன்னாள். "தைப்பூசத்துக்கு முந்தா நாளுங்க."

அப்புறம் டாக்டர் பேசியதெல்லாம் எனக்குப் பாதிதான் ஏறியது. உள்ளே ரத்தம் கசிந்து படலம் இழுத்துவிட்டதாம். இனி ஊசி போட்டும் பயனில்லை, ஆபரேஷன் செய்தாலும் பார்வை திரும்பாது என்றார். இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பொடனி என்று நான் சொன்ன வார்த்தை மட்டும் காதுக்குள் நின்றது. சட்டைப் பைக்குள் பணம் கனத்தது.

"ஏன் புள்ள சொல்லலை?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்.

"சொன்னா காயறதுக்குள்ளயே வித்திருப்பீங்க. குழுவுக்கு வேற கட்டோணும்" என்றாள். ஏதோ அடுப்பில் பால் வைத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே நின்றேன்.

மலையடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் நின்று டீ குடித்துவிட்டு ஏறியபோது, "ஏனுங்க, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அந்தப் பக்கம் இருந்தா நீங்க தெரியறதில்லை" என்றாள். மாறி உட்கார்ந்தேன். மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி முடிகிற வரை அவளுடைய இடது பக்கத்திலேயே இருந்தேன்.

மறுநாளிலிருந்து சீட்டுகளை எடுத்தேன். வாடகை கொடுத்தேன். டியூ கட்டினேன். குழுவுக்கு நாலு வாரத் தவணையை முன்கூட்டியே கொடுத்தேன். கரண்ட் ஆபீஸில் பணம் வாங்குகிற தம்பி சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான்.

"என்னங்கண்ணா, கெடுவுக்கு இன்னும் பத்து நாள் கெடக்குது. மழை ஏதும் வந்துருமா?"

"காசு இருந்துச்சு கண்ணு" என்றேன்.

இப்போது அந்தக் கம்பியில் ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறது. மார்கழித் தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு. அதைக் கேட்டு இதுவரை யாரும் வாசலுக்கு வரவில்லை.