மஞ்சள் விட்ட முகம்

அப்பாவின் காரியத்தன்று உறவுப் பெண்கள் அம்மாவை உட்கார வைத்து, முகம் நிறைய மஞ்சள் பூசினார்கள். தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள். பிறகு தண்ணீர் ஊற்றி எல்லாவற்றையும் கழுவிவிட்டார்கள். இனி அவள் மஞ்சளைத் தொடக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

அம்மாவுக்கு மஞ்சள் வெறும் அலங்காரம் இல்லை. முகம் கழுவ அவள் அறிந்த ஒரே பொருள் அதுதான். குளியல் சோப்பு கழுத்துக்குக் கீழேதான். நாளை முதல் எதைப் போட்டுக் கழுவுவாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கி ஓசூரில் வேலை பார்க்கிறேன். இதை யாரிடமும் தலை நிமிர்ந்தே சொல்வேன். விடுமுறை முடிந்து வேலைக்குப் போய், அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். மூக்கோரமும் கன்னமும் வெடித்துச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தன.

"எதப் போட்டும்மா கழுவுற?"

"துணி சோப்புதான். தோட்டத்துப் புழுதி வேற எதுல போவும்? வேர்வ பட்டாத்தான் எரியுது."

"குளிக்கிற சோப்பு இருக்குதே?"

"அதெல்லாம் இனிமே மூஞ்சிக்கு எதுக்கு கண்ணு?"

அடுத்த முறை வரும்போது முகம் கழுவும் திரவம் ஒன்று வாங்கி வந்தேன். ஞாயிறு காலை அம்மாவைக் குழாயடியில் உட்கார வைத்தேன். முதலில் என் கையைக் கழுவிக்கொண்டேன். வெதுவெதுப்பான நீரால் அவள் முகத்தை நனைத்து, நுரையை விரல் நுனியால் நெற்றி, மூக்கின் இரு பக்கம், தாடையின் அடிப்பகுதி என்று மெல்லப் பரப்பினேன்.

"அமுக்கித் தேய்டி. தடவிக் குடுத்தா அழுக்கு போவுமா?"

"இது மூஞ்சிம்மா, சாக்கு இல்ல."

அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நுரையை முழுக்க அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். அப்பாவின் அண்ணன் மனைவி.

"என்னாடி, வூடே மணக்குது! உன்னப் பொண்ணு பாக்க வராங்களா?"

"அம்மாவுக்குங்க பெரியம்மா. தோல் உரியுது."

"உரிஞ்சா உரியட்டும். அந்த மூஞ்சிய இனிமே யாரு பாக்கப் போறா? புருசன் போயி ஈரம் காயல, அதுக்குள்ள மினுக்கு கேக்குதா?"

"மினுக்கறதுக்கு இல்லீங்க. எரிச்சலுக்கு."

"படிச்சவ. உனக்கு நான் என்னா சொல்றது" என்று போய்விட்டார்.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். மூக்கோரத்தில் தோல் பிரிந்து ரத்தம் கசிந்தது. என் பையைத் திறந்து அந்தப் பாட்டிலை உள்ளே போட்டாள்.

"அவங்க பேசினா பேசட்டும்மா. நீ இங்கியே, குழாயடியிலயே எல்லாரும் பாக்க கழுவு."

"நீ பஸ் ஏறிப் போயிருவ. நான் இங்கதான இருக்கணும்?"



சாயங்காலம் காரிமங்கலம் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பஸ் தெரிந்ததும் என் முழங்கையைப் பிடித்தாள்.

"கண்ணு, மணக்காததா ஏதாச்சும் விக்கிறாங்களா?"

"விக்கிறாங்கம்மா."

"அப்ப அத வாங்கியா. ரொம்ப எரியுது."

மறுநாள் ஓசூரில் ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து, "குழந்தைக்குங்களா?" என்றார்.

"அம்மாவுக்கு."

தெருவுக்கு வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, மறுபடியும் முகர்ந்தேன். பெரியம்மாவின் மூக்குக்கும் எட்டாது என்று உறுதியான பிறகுதான் பைக்குள் வைத்தேன்.