எங்கள் நைனா மறுத்த திருவிருந்து

எங்கள் தகப்பனாராகிய நைனா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. என் அக்காவின் கணவராகிய பாவா, "நினைவு மலருக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்றார். நல்லதை மட்டும் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா பிறந்தது ஆர்.கே.பேட்டைக்கு அருகே, கூலி வேலை செய்த குடும்பத்தில். சிறு வயதிலேயே தாயாரைப் பேதிக்குப் பறிகொடுத்தார். மிஷன் பள்ளியில் படித்து உபதேசியாராகி, திருத்தணியில் இருந்த சின்னச் சபைக்கு வந்து சேர்ந்தார். உபதேசியார் ஜெபம் நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தைக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் கிடையாது. அதற்குப் போதகர் ஐயா அரக்கோணத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார்.

ஆராதனைக்குப் பேச்சு மட்டும் போதாது என்பது நைனாவின் எண்ணம். "ஆறு நாளு நாத்து நட்டவங்க வந்து குந்திகினு கீறாங்க. நான் பேசிகினே இருந்தா தூங்கித்தான் போவாங்க. பாட்டும் வேணும், கண்ணால பாக்க ஒண்ணு வேணும், அப்பமும் வேணும்" என்பார். அவருடைய பிரசங்கம் கால் மணி நேரம்தான். அதிலும் தெலுங்குக்காரர்களுக்காகப் பாதியைத் தெலுங்கில் சொல்வார். பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் காவிக்கல், மஞ்சள், கரி கொண்டு ஆண்டவரின் கடைசி இராப்போஜனத்தை அவரே வரைந்தார். சீஷர்கள் தரையில் பந்தியாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பார்த்துவிட்டு, "பேதுரு ஏன் எங்கண்ணன் மாதிரியே கீறாரு?" என்று சிரித்தது நினைவிருக்கிறது.

யுத்த காலத்தில் புதிய போதகர் ஐயா வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது ஆலயமா, கூத்துக் கொட்டாயா? சுண்ணாம்பு அடிச்சிடுங்க."

"படிக்கத் தெரியாதவங்களுக்காக வரைஞ்சேனுங்க ஐயா."

"அவங்களுக்குத்தான் நான் பிரசங்கம் பண்றேனே!"

நைனாவே சுண்ணாம்பு அடித்தார். முதல் பூச்சில் முகங்கள் மறையவில்லை. மறுநாள் இன்னொரு தரம் அடித்தார். அதன்பின் ஐயா வரும் நாட்களில் பிரசங்கம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். சில தடவை ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று திருவிருந்து நடத்தாமலே போய்விடுவார்.

அப்படி ஆறு மாதமாகத் திருவிருந்து நடக்காதிருந்தபோது அம்மா விஷக்காய்ச்சலில் விழுந்தார். பத்தாம் நாள் என்னை அழைத்து, "பாப்பா, ஐயாவ வரச் சொல்லு. அப்பம் வாங்கிக்கணும்" என்றார். பாவாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவரே போதகர் வீட்டுக்குப் போனார். அங்கே மூன்று நாள் பிரசங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. "முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் உபதேசியாரே ஜெபம் பண்ணட்டும்" என்று பதில் வந்தது.

நான் நைனாவிடம், "நீங்களே குடுத்துடுங்களேன். யார் வந்து கேக்கப்போறாங்க?" என்றேன். அவர் எழுந்து ஆலயத்துக்குப் போனார். நானும் பின்னாலே போனேன். பெட்டியைத் திறந்து திருவிருந்துக் கிண்ணத்தை எடுத்தார், கழுவித் துடைத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு துணியில் சுற்றி மறுபடியும் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

"எனக்கு அதிகாரம் இல்லம்மா."

அன்று மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து, "வந்துட்டாரா?" என்றார். "ஆங், வந்துகினே கீறாரு" என்றார் நைனா. நைனா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். பொழுது சாயுமுன் அம்மா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு போதகர் ஐயா வந்து, உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பற்றி எங்கள் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார், எல்லாரும் அழுதார்கள். நைனா அவரை ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவந்தார்.

அதற்குப் பிறகு நைனா பிரசங்கம் செய்யவில்லை. வேதத்தை வாசித்து மூடிவிடுவார். பாட்டும் எடுத்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு குடும்பமாக வேலை தேடி அரக்கோணம் போயிற்று. ஊரில் இருந்தவர்களும் வராமல் நின்றுவிட்டார்கள். யுத்தம் முடிந்த பின் ஆலயத்தைப் பூட்டிவிட்டார்கள்.

போன வருஷம் நைனா கால் வீங்கி, மூச்சு முட்டிப் படுக்கையானார். இப்போதுள்ள போதகர் ஐயா வேறொருவர், இளையவர், இரக்கமுள்ளவர். சொல்லியனுப்பிய அன்றே மாட்டுவண்டியில் வந்துவிட்டார். அப்பத்தைப் பிட்டு நைனாவின் வாயருகே கொண்டுவந்தார். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எம் பொண்டாட்டி கேட்டப்போ நான் குடுக்கலிங்க ஐயா. எனக்கு வேணாங்க."

"கர்த்தர் மன்னிப்பாருங்க."

"அவர் மன்னிச்சிடுவாருங்க. அவ கேட்டாளே."

ஐயா முழங்காலில் நின்று எவ்வளவோ மன்றாடினார். நைனா வாய் திறக்கவே இல்லை. மறுநாள் காலை எங்களை விட்டுப் பிரிந்தார்.

அன்று வந்து கண்ணீர் விட்ட அந்தப் போதகர் ஐயாவுக்கும், ஒரு மாதம் வேலையை விட்டுவிட்டு நைனாவைத் தூக்கி உட்காரவைத்த பாவாவுக்கும், வேறு மதத்தவராயிருந்தும் தினம் பால் கொடுத்தனுப்பிய பக்கத்து நிலத்து வீட்டாருக்கும், குழி வெட்டிய நால்வருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மா பரலோகத்தில் நைனாவை எதிர்கொண்டு அழைத்திருப்பார் என்று உங்களில் பலர் ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதங்களை அடிக்கடி எடுத்து வாசிக்கிறேன். நம்பத்தான் பார்க்கிறேன். இன்றுவரை முடியவில்லை.