மெத்தையில்லாத குதிரை

1. விழுந்த அன்று

ஜோதி குதிரையிலிருந்து விழுந்த அன்று எங்கள் இல்லத்தில் அதிகம் அழுதவர் மேனேஜர்தான். "போதுமுங்க டீச்சர். குதிரையும் வேண்டாம், கழுதையும் வேண்டாம். புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா ஊரே நம்மளத்தான கேக்கும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜோதிக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே.

எழுபதுகளின் தொடக்கம் அது. பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊரின் ராயபுரத்தில் கை கால் வராத குழந்தைகளுக்கான சிறிய இல்லத்தில் நான் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தேன். பேர்தான் பெரிது, நாள் முழுக்கப் பிள்ளைகளின் காலை நீட்டி மடக்குவதுதான் வேலை. எல்லோருக்கும் நான் டீச்சர்தான். ஜோதிக்கு ஏழு வயது. பிறவியிலேயே இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று இறுகிக் கிடக்கும். உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள். அவள் அம்மா சரஸ்வதி பனியன் கம்பெனியில் தைத்து வரும் பீஸ்களை மடிக்கிறவர். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "பெஞ்சுல தானா உக்காந்தா சேத்துக்கறேன். நாள் பூரா புடிச்சுக்கிட்டு நிக்க இங்க ஆளில்லீங்க." ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் ஜோதி உட்கார்ந்தாக வேண்டும்.

குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பும் நடப்பது போலவே அசையும், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அது நல்லது என்று வெளிநாடு போய் வந்த டாக்டர் ஒருவர் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது ஸ்டேஷன் சவாரி ஓட்டும் கபூர் பாயின் ராணி. சாதுவான ஜட்காக் குதிரை. வண்டியை மட்டுமே இழுத்துப் பழகியிருந்த அதன் முதுகில் பாய் மணல் மூட்டையை ஏற்றி ஏற்றிப் பழக்கியிருந்தார்.

2. கம்பெனி மெத்தை

"என்ற ராணி ஒரு துள்ளுகூடத் துள்ளலீங்க டீச்சரம்மா. மெத்தைதானுங்க சுத்திக்கிச்சு" என்றார் பாய். உண்மைதான். சரஸ்வதியின் கம்பெனி டெய்லர்கள் ராணியின் முதுகில் போட ஆசை ஆசையாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார்கள். உள்ளே கட்டிங் வேஸ்ட் துணியை அமுக்கி அமுக்கி அடைத்திருந்தார்கள். கல்யாண மெத்தை தோற்றுப்போகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு யார் மேல் பிரியம் வந்தாலும் துணியைத்தான் சுற்றத் தெரியும். அந்த உருண்டை மெத்தை ராணியின் வயிற்றுப் பக்கம் புரண்டது, பிள்ளை கீழே வந்துவிட்டாள்.

எனக்கு மேனேஜர் மேல்தான் ஆத்திரம். கட்டிலிலிருந்து விழுந்தால் கட்டிலை விற்றுவிடுவாரா? சரஸ்வதி என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "உழுந்தது அவளுங்க. அவளையே கேளுங்க" என்றார்.

ஜோதிக்கு ஒரு சொல் வெளியே வர நேரமாகும். காத்திருந்தோம்.

"மெத்தை... வேண்டாமுங்க. குதிரை... சூடா இருக்குது."

சரியும்போது ராணியின் வெற்று உடம்பு அவள் காலில் பட்டிருக்கிறது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் ஒரு கம்பளியை மட்டும் மடித்துப் போட்டு, அவள் பிடித்துக்கொள்ள ஒரு பெல்ட்டும் கட்டினோம். மேனேஜர் தடுக்கவில்லை, பார்க்க மாட்டேன் என்று மட்டும் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் சரஸ்வதியும் ஆளுக்கொரு பக்கம் தொடையைப் பிடித்துக்கொள்ள, பாய் ராணியை மெதுவாக நடத்தினார். கொஞ்ச நேரத்தில், நான் மல்லுக்கட்டி விரிக்கும் அந்தக் கால்கள் தாமாக இளகி இரண்டு பக்கமும் தொங்கின. சந்தோஷத்தோடு எனக்கு ராணி மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அதன்பிறகு நாங்கள் விடவில்லை. சரஸ்வதி வேலை முடிந்து பஞ்சுத் தூசியோடு ஓடி வருவார். பாய் சவாரியைத் தட்டிக்கழித்துவிட்டு வருவார். சில நாள் ஜோதியின் முதுகு நிமிர்ந்து நிற்கும், சில நாள் பழையபடி சாயும். தொடையைப் பிடித்த எங்கள் கை முழங்காலுக்கு இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு. கடைசியில் கூடவே நடந்ததோடு சரி.

3. பெஞ்சு

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளைக்கும் அது செய்ய வேண்டிய காரியத்துக்கும் நடுவில் நாம் எதை அடைத்து வைத்திருக்கிறோம் என்று முதலில் பாருங்கள். பல சமயம் நம் பிரியம்தான் அங்கே கிடக்கும். அதை எடுத்தால் பிள்ளை விழலாம். மறுபடி ஏற்றுங்கள்.

ஜோதி கடைசிவரை நடக்கவில்லை. குதிரை அதைச் செய்யும் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் ஜூனில் தலைமையாசிரியையின் கண்முன் அவளைப் பெஞ்சில் வைத்துவிட்டு விலகினோம். ஆடினாள். பெஞ்சு விளிம்பைப் பிடித்தாள். நிமிர்ந்தாள். தலைமையாசிரியை பேர் கேட்டார். ஜோதி சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, "உக்காரு கண்ணு" என்றார்.

சரஸ்வதி மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. ஜோதி திரும்பிப் பார்த்தாள். திரும்பியும் சாயவில்லை.

"அம்மா... நீ போ. கம்பெனிக்கு... நேரமாச்சு."