ஓட்டு முடிந்த பிறகுதான் ஆப்பிள் பை

அர்டித் டியாடன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பனிச் சாலைகளில் இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை. போராளி என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சோளக்காட்டு நடுவே புதிய நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது, நம் கூட்டுறவு மின்சங்கமும் அதில் பங்கு எடுக்கிறது என்று கடிதம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடம் எதிர்ப்பு அட்டை பிடித்தாள், மனு கொடுத்தாள். சங்க இயக்குநர்களில் ஒருவன் டெல்மர், இறந்துபோன அவள் கணவனின் தம்பி. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து காப்பி குடிக்கும்போது அவளைச் சீண்டாமல் விடமாட்டான்.

"என்ன அண்ணி, இந்த வாரம் நாட்டோட கரிப்புகை எத்தன டன் கொறஞ்சுது? நீங்க அட்டையத் தூக்குனதும் வாஷிங்டன்ல புகைக் கணக்கையே மாத்திருப்பாங்களே!"

சுருக்கென்று தைக்கும். அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருந்ததுதான் காரணம்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஏப்ரலில் பங்கு எடுக்கக் கையெழுத்துப் போடப்போவது வாஷிங்டன் அல்ல, டெல்மரும் மற்ற இயக்குநர்களும். அவர்களைத் தேர்ந்தெடுப்பது மின்சாரம் வாங்கும் ஊர்க்காரர்கள். மார்ச் மாதம் பள்ளி விளையாட்டுக்கூடத்தில் ஆண்டுக்கூட்டம் நடக்கும். ஜனங்கள் பன்றிக்கறி சாண்ட்விச் சாப்பிடுவார்கள், இலவச பிளாஸ்டிக் வாளியை வாங்குவார்கள், வண்டியேறிப் போய்விடுவார்கள். மிச்சமிருக்கும் இயக்குநர்களின் சொந்தபந்தங்கள் ஓட்டுக்குக் கை தூக்குவார்கள். டெல்மர் பன்னிரண்டு வருடம் பதவியில் ஒட்டிக்கொண்டிருந்தது இப்படித்தான்.

அவனை எதிர்த்தே அர்டித் தேர்தலில் நின்றாள்.

"நில்லுங்க அண்ணி, நல்லா நில்லுங்க. வாளி கைக்கு வந்துட்டா ஒருத்தன் இருக்கமாட்டான்," என்றான் டெல்மர்.

கூட்டத்தன்று சுவரோர மேசையில் ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் இனிப்பான அறுபது ஆப்பிள் பை, துணி போர்த்தி, பட்டை வாசனையோடு காத்திருந்தன. ஊர்ப் பெண்கள் சேர்ந்து சுட்டவை. சாப்பாடு முடிந்து ஜனங்கள் வாளியோடு எழுந்தார்கள். அர்டித் தன் பேருந்துக் குரலை எடுத்தாள்.

"எல்லாரும் ஒக்காருங்க! வண்டி இன்னும் நிக்கல! ஓட்டு எண்ணி முடிச்சப்புறந்தான் பை வெட்டுவோம்!"

முந்நூற்றுச் சொச்சம் பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். பாதிப்பேர் சின்ன வயதில் அவள் பேருந்தில் போனவர்கள்.

இருநூற்றுப் பதினொன்றுக்குத் தொண்ணூற்றாறு. அர்டித் ஜெயித்தாள். அவள் பக்கமாக மற்ற இயக்குநர் இடங்களுக்கு நின்ற இரண்டு பேரும் ஜெயித்தார்கள்; சங்கத்தில் பெரும்பான்மை அவர்கள் கைக்கு வந்தது. ஏப்ரலில் சங்கம் கையெழுத்துப் போடவில்லை; பங்கு குறைந்ததும் மற்றச் சங்கங்களும் கழன்றுகொள்ள, மின்நிலையத் திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். வருடத்துக்கு நாற்பது லட்சம் டன் கரிப்புகை கக்கியிருக்கும் புகைபோக்கி அது. கட்டாத புகைபோக்கிக்கு நாட்டின் புகைக் கணக்கில் இடம் கிடையாது, அதுதான் இந்த மாதிரி வேலையில் பெரிய வயிற்றெரிச்சல். "ஆதாரம் எங்க அண்ணி?" என்று டெல்மர் ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்த மார்ச்சில் ஆதாரத்துக்கே வழி வந்தது. சங்கத்தின் பழைய நிலக்கரி உலையை மூடிவிட்டுக் காற்றாலை மின்சாரம் வாங்கலாமா என்று ஓட்டு. டெல்மர் தட்டோடு பை மேசைக்கு வந்தான்.

"ஒரே ஒரு துண்டு, அண்ணி."

"ஓட்டு முடியட்டும் டெல்மர்."

போய் உட்கார்ந்தான். கைகள் உயர்ந்தபோது அவன் கையும் உயர்ந்தது. உலை மூடப்பட்டது, நாட்டின் கணக்கில் அதற்கு நேரே இனி பூஜ்யம்தான்.

அர்டித் மகாராணியைப் போலக் கத்தியை எடுத்து அவனுக்கே பெரிய துண்டாக வெட்டினாள்.

"என்ன டெல்மர், இந்த வாரம் எத்தன டன்னு கேக்கலையே?"

"வாயில பை இருக்கு அண்ணி," என்றான் டெல்மர்.